ஒரு நாடு நிஜமாகவே முன்னேறுகிறதா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

முதலில் தரவரிசையை ஓரமாக வையுங்கள். மற்ற நாடுகள் சறுக்கினாலே ஒரு நாடு பட்டியலில் நாலு இடம் ஏறிவிடும், அதற்காக அங்கே ஒரு குழந்தைகூடக் கூடுதலாகப் பிழைத்திருக்க வேண்டும் என்பதில்லை. நாம் பார்க்க வேண்டியது வேகம். இப்போது போகிற வேகத்தில் போனால், ஐ.நா. வைத்த இலக்கை 2030க்குள் தொடுமா, தொடாதா?

ஐ.நா. 2015இல் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17, அவற்றுக்குள் துணை இலக்குகள் 169. எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கலக்காமல், ஒன்றே ஒன்றை எடுங்கள். பழகுவதற்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் நல்லது: உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்து வயதை எட்டுவதற்குள் இறக்கிறார்கள் என்பதுதான் அது. ஒவ்வொரு நாடும் 2030க்குள் இதை 25க்கோ அதற்குக் கீழேயோ கொண்டுவர வேண்டும். ஆனால் தாய் இறப்புக்கான இலக்கு, அதாவது 1 லட்சம் பிறப்புக்கு 70க்குக் கீழ் என்பது, உலகம் முழுமைக்குமான சராசரி. அதை அப்படியே ஒரு தனி நாட்டின் மேல் வைத்து அளந்தால் தப்பு. அதனால் இலக்கின் வாசகத்தை ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது, பலர் தவறுகிற இடம். பழைய எண்ணைப் பழைய அறிக்கையிலிருந்தும் புதிய எண்ணைப் புதிய அறிக்கையிலிருந்தும் எடுத்து ஒப்பிடாதீர்கள். பல நாடுகளில் பிறப்பு இறப்புப் பதிவு முழுமையாக இல்லை, அதனால் ஐ.நா. அமைப்புகள் வீடுவீடாக எடுத்த ஆய்வுகளை வைத்து மதிப்பிடுகின்றன. புது ஆய்வு ஒன்று வந்தால் கடந்த ஆண்டுகளின் எண்களும் சேர்ந்தே மாறும். தொடக்க ஆண்டு, கடைசி ஆண்டு இரண்டின் எண்களையும் கடைசியாக வெளிவந்த ஒரே ஆண்டுவாரிப் பட்டியலிலிருந்து எடுங்கள்.

சரி, இப்போது கணக்கு. ஒரு கற்பனை நாட்டில் 2010இல் 60, 2020இல் 40 என்று வைத்துக்கொள்வோம். எக்செலில் =1-(40/60)^(1/10) என்று போட்டால் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதக் குறைவு என்று வரும். 40இலிருந்து பத்தே ஆண்டில் 25க்கு இறங்க என்ன வேகம் வேண்டும்? அதே சூத்திரத்தில் எண்களை மாற்றுங்கள், 4.6 சதவீதம். ஆக, இந்த நாடு நன்றாகவே போகிறது, ஆனாலும் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்றை மட்டும் சொன்னால் அந்த நாட்டுக்கு அநியாயம்.

அந்த வேகம் சாத்தியமா என்று சந்தேகம் வந்தால் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைப் பாருங்கள். வீடுவீடாக எடுத்த 2005 ஆய்வில் 152 என்றிருந்த விகிதம் 2014-15 ஆய்வில் 50, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 11 சதவீதம்! இங்கே ஒன்றைக் கவனியுங்கள், இப்படிப்பட்ட ஆய்வின் எண் ஆய்வு நடந்த ஆண்டுக்கானது இல்லை, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கானது. நேற்று தொடங்கிய திட்டத்தின் பலனை அதில் தேடக் கூடாது.

மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேல் எல்லையும் கீழ் எல்லையும் போட்டிருப்பார்கள், உண்மையான எண் பெரும்பாலும் இவற்றுக்கு நடுவே இருக்கும் என்று பொருள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளின் எல்லைகள் பெரிதாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், குறைந்துவிட்டது என்று அடித்துச் சொல்லாதீர்கள். தடுப்பூசி போன்றவற்றில் நிர்வாகப் பதிவுகளை நம்பும்போது இன்னும் கவனம் வேண்டும். போட்ட ஊசிகளின் எண்ணிக்கையைப் பழைய மக்கள்தொகைக் கணக்கால் வகுப்பதால் சில இடங்களில் 100 சதவீதத்தைத் தாண்டிக்கூட வரும்.

அப்புறம் சராசரியைப் பிரித்துப் பாருங்கள், எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நாட்டின் எண் இறங்கும்போது மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் அது அசையாமலே இருக்கலாம். ஆய்வு அறிக்கைகளில் வசதி வாரியான அட்டவணை இருக்கும், ஆனால் மாதிரி சிறியது என்பதால் அது பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கான எண். அதை ஐந்தாண்டு தேசிய எண்ணோடு வைத்துப் பார்க்காமல், அதே அட்டவணையில் இருக்கும் வசதியான குடும்பங்களின் எண்ணோடு ஒப்பிடுங்கள், பிறகு முந்தைய ஆய்விலும் இதையே செய்து, அந்த இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.