காலப் பயணக் கதை எழுதுவது எப்படி? இயந்திரம் பிறகு, அடையாள அட்டை முதலில்

பதின்ம வயதினருக்குக் காலப் பயணக் கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தை விவரிக்கத் தொடங்கி, இரண்டாம் பக்கத்திலேயே களைத்துவிடுகிறார்கள். வாசிக்கும் பிள்ளையை உறுத்துவது 'நான் யார்' என்ற கேள்விதான். கதையை அங்கிருந்து கட்டுவோம். களம் நம் திருகோணமலை.

படி 1: ஒரே ஒரு நாளைப் பிடியுங்கள்

'அந்தக் காலம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கதை நிற்காது. நான் 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமையை எடுப்பேன். சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய அந்தக் காலையில்தான் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. கதாநாயகியை முதல் நாள் மாலையே அங்கே இறக்கிவிடுங்கள். விடிந்தால் என்ன நடக்கும் என்பது ஊரில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

படி 2: அவள் யார் என்பதற்கான சான்றைச் செல்லாக்காசாக்குங்கள்

கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். அவள் 2009 இல் பிறந்தவள், புத்தம்புதிய தேசிய அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் அவள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண் என்பதால் அதோடு 500 கூட்டியிருக்கும். கடற்படைக் காவலாளி அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். 'ஸ்ரீ லங்கா' என்ற பெயரில் அப்போது நாடே இல்லை; அது 1972 இல் வந்தது. போர்க்காலத் துறைமுகத்தில் இப்படியோர் அட்டையோடு நிற்பவளை உளவாளி என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பான்?

படி 3: உறவை எதிரே நிறுத்துங்கள்

அவளைக் காப்பாற்ற வருபவள் அதே வயதுப் பெண்ணாக இருக்கட்டும். தலைமுறைக் கணக்குப் பார்த்தால் 1926 இல் பிறந்த பூட்டி பொருந்துவாள். நம் ஊரில் முதற்கேள்வி பெயரல்லவே:

"நீர் யாருடைய பிள்ளை?"

"அம்மாவின் பெயரைச் சொன்னாலும் உமக்குத் தெரியாது."

"தெரியாத குடும்பம் இந்தத் தெருவில் ஏது?"

பூட்டியைப் 'பூட்டி' என்று அழைக்கவும் முடியாது, 'அக்கா' என்றால் வாய் கூசும். இந்தத் திண்டாட்டத்தை ஒரு முழு அத்தியாயத்துக்கு நீட்டலாம்.

படி 4: விதியை முடிவு செய்யுங்கள்

நடந்ததை மாற்ற முடியுமா, முடியாதா? ஒன்றை வரித்துக்கொண்டு கடைசிவரை மாறாதீர்கள். மாற்றலாம் என்றால், குண்டுவீச்சை எச்சரித்துப் பூட்டியை வேறூருக்கு அனுப்பும் பெண், தான் பிறக்கும் வழியையே அடைத்துவிடக்கூடும். முடியாது என்றால், அவள் செய்யும் எச்சரிக்கையும் ஏற்கெனவே நடந்ததன் பகுதியாகிவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அதில் துயரம் அதிகம்.

படி 5: இயந்திரம்

ஒரு பத்தி போதும். வேகமும் ஈர்ப்பும் கடிகாரத்தை மாற்றும் என்பது ஐன்ஸ்டைன் தந்த உண்மை. பின்னோக்கிப் போவது உங்கள் கற்பனை. அதை நிரூபிக்க முயலாதீர்கள்.

படி 6: ஊரைச் சரிபாருங்கள்

1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். இன்று நாம் கும்பிடும் கோயில் 1963 இல் குடமுழுக்குக் கண்டது. எனவே பயந்துபோன உங்கள் கதாநாயகி கோயிலைத் தேடி மலையேறினால் அங்கே கோபுரம் இருக்கக்கூடாது. புகையிரதத்தில் தப்பிப் போவதானால் தடையில்லை. பாதை 1927 இலேயே வந்துவிட்டது.