கம்பெனி ஸ்டீரியோவை மாற்றும்போது ஸ்டீரிங் பட்டன், ரிவர்ஸ் கேமராவைக் காப்பாற்றுவது எப்படி?

காரோடு வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதிய டச் ஸ்கிரீன் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. நாலு ஸ்க்ரூ, வயர்களைச் செருகி இணைக்கும் கப்ளர் மூன்று நான்கு, அவ்வளவுதான். தலைவலி அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். ஸ்டீரிங்கில் வால்யூம் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ரிவர்ஸ் கியர் போட்டால் திரை கறுப்பாக நிற்கும். ரேடியோவில் இரைச்சல் மட்டும் வரும். செட் நன்றாகத்தான் இருக்கும். பழைய செட் பாட்டு போடுவதோடு சேர்த்து இன்னும் எத்தனையோ வேலைகளைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை, அதுதான் காரணம்.

அதனால் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு காரில் போய் உட்காருங்கள்.

பழைய செட் என்னென்ன செய்கிறது?

ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பாருங்கள். வால்யூம், பாட்டு மாற்றுவது, போன் எடுப்பது, வைப்பது. ரிவர்ஸ் போட்டு கேமரா பாருங்கள். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது திரையில் உள்ள கோடுகளும் சேர்ந்து வளைகின்றனவா என்று கவனியுங்கள். பார்க்கிங் சென்சாரின் பீப் சத்தம் தனி பஸ்ஸரிலிருந்து வருகிறதா, ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா? ஸ்பீடோமீட்டர் பக்கத்துச் சின்னத் திரையில் பாட்டின் பெயர் ஓடுகிறதா? டேஷ்போர்டில் உள்ள யூஎஸ்பி, கூரையில் உள்ள மைக், சப் வூஃபர், தனி ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சில கார்களில், குறிப்பாக ஜெனரல் மோட்டார்ஸின் பல மாடல்களில், சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலிகூட ஸ்டீரியோ வழியாகத்தான் வரும்.

இதில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆனால் ஏசி வெப்பநிலை, கதவுப் பூட்டு, விளக்கு செட்டிங் எல்லாம் அந்தத் திரைக்குள்ளேயே இருக்கிற கார் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். அப்படிப்பட்ட கார்களில் திரையை விட்டுவிட்டு ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. பழைய திரையிலேயே கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ வரவைக்கும் இடைமுகப் பெட்டிகளும் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன.

வாங்க வேண்டியவை

செட்டின் அளவுக்கு ஐஎஸ்ஓ 7736 என்ற தரநிலை இருக்கிறது. சிங்கிள் டின் என்றால் முகப்பு 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். டபுள் டின் என்றால் உயரம் 100 மி.மீ. டொயோட்டா கார்கள் பலவற்றில் அகலம் 200 மி.மீ. வரும், சாதாரண டபுள் டின் மாட்டினால் இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். 9, 10 அங்குலத் திரைகளுக்கு உங்கள் காருக்கென்றே வார்த்த ஃபிரேம் வேண்டும்.

செட், ஃபிரேம் தவிர, காருக்குரிய வயரிங் ஹார்னஸ் (காரின் கப்ளரை வெட்டாமல் செருகி இணைக்கும் வயர் தொகுப்பு), ஆன்டெனா அடாப்டர், ஸ்டீரிங் பட்டனுக்கான கேன் பாக்ஸ் அல்லது அடாப்டர் (எது என்பதைக் கீழே பார்ப்போம்), கேமரா அடாப்டர் தேவைப்படும். கடையில் காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. வருடம், வேரியன்ட், கம்பெனித் திரை வந்ததா, வெறும் ரேடியோ வந்ததா எல்லாம் சொல்ல வேண்டும். ஒரே மாடலில் அடிமட்ட வேரியன்டுக்கும் உயர் வேரியன்டுக்கும் பின்னால் உள்ள கப்ளர் வேறாக இருப்பது சர்வசாதாரணம்.

ஹார்னஸுக்குச் செலவு எதற்கு, வயரை வெட்டி ஒட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கம்பெனி கப்ளரை வெட்டிவிட்டால் பழைய செட்டைத் திரும்ப மாட்டுவதும் கஷ்டம், வாரண்டியிலும் கேள்வி வரும், நாளைக்கு ஏதாவது பழுதானால் எந்த வயர் எது என்று தேடுவதற்கே ஒரு நாள் போய்விடும்.

கருவிகள் என்று பார்த்தால் பிளாஸ்டிக் நெம்பி, ஸ்டார் திருப்புளி, சின்ன சாக்கெட் செட், மல்டிமீட்டர், கிரிம்பிங் பிளையர், ஹீட் ஷ்ரிங்க் குழாய், துணி டேப்.

ஸ்டீரிங் பட்டன் எந்த வகை?

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான்.

முதல் வகை, ரெசிஸ்டர் வகை. ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் வெவ்வேறு மதிப்பில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஒன்றோ இரண்டோ வயர், ஒரு எர்த். எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்பதை வோல்டேஜ் மாறுவதை வைத்து ஸ்டீரியோ கண்டுபிடிக்கும். புதிய செட்டில் கீ 1, கீ 2 என்று எழுதிய வயர்கள் இருந்தால் அவை இதற்குத்தான். பல செட்களில் அடாப்டர்கூட இல்லாமல் நேராகவே இணைக்கலாம்.

இரண்டாவது, கேன் பஸ் வகை. பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-ல் வெளியிட்ட முறை இது. காரில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் முறுக்கிய இரண்டு வயர்களில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். பட்டன் அழுத்தியது, ரிவர்ஸ் போட்டது, கதவு திறந்தது எல்லாம் அதே இரண்டு வயரில் செய்தியாக ஓடும். புதிய செட்டுக்கு அந்த மொழி தெரியாது. நடுவில் கேன் பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும்.

எந்த வகை என்று தெரியவில்லையா? பழைய செட்டின் கப்ளரைக் கழற்றி, சாவி ஆஃபில் இருக்கும்போது, காரின் வயரிங் படத்தைப் பார்த்து ஸ்டீரிங் வயருக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். பட்டனை அழுத்த அழுத்த எண் மாறினால் ரெசிஸ்டர் வகை. முறுக்கிய இரண்டு வயர், சாவி ஆனில் ஒவ்வொன்றிலும் 2.5 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறது, பட்டனை அழுத்தினால் குறிப்பிடும்படி மாறவில்லை என்றால் பெரும்பாலும் கேன் பஸ். மின்சாரம் ஓடும் வயரில் ஓம் நிலையை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கேன் பஸ் கார்கள் பலவற்றில் ஸ்டீரியோ கப்ளருக்கு ஏசிசி வயரே (சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயர்) வராது. சாவியைத் திருப்பியதும் செட்டை எழுப்புவதும் கேன் செய்திதான். புதிய செட்டின் சிவப்பு ஏசிசி வயரை எங்கே கொடுப்பது என்று தெரியாமல், எப்போதும் மின்சாரம் இருக்கும் மஞ்சள் வயரோடு சேர்த்து முறுக்கிவிடுபவர்கள் உண்டு. செட் ஆன் ஆகும், பாட்டும் பாடும். ஆனால் சாவியை எடுத்தாலும் அணையாது. காலையில் பேட்டரி படுத்திருக்கும். அந்தச் சிவப்பு வயர் கேன் பாக்ஸின் ஏசிசி வெளியீட்டுக்குப் போக வேண்டும்.

கழற்றுவது

பழைய செட்டுக்கு செக்யூரிட்டி கோடு (ரகசிய எண்) உண்டா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்பதால் சில நிமிடம் காத்திருந்து அப்புறம் கை வைப்பது நல்லது.

பேனலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, கியர் லீவர் மேல் துணி போட்டு, பிளாஸ்டிக் நெம்பியை ஒரு மூலையில் நுழைத்து மெதுவாக நெம்புங்கள். கிளிப் விடும்போது 'டப்' என்று சத்தம் வரும், உடைந்துவிட்டதோ என்று பயம் வரும். அது கழன்ற சத்தம்தான். மூன்று கிளிப் விட்டு நான்காவது மட்டும் அசையவில்லை என்றால் அங்கே ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது. ஏசி கிரில்லுக்குள், காயின் டிரேயின் ரப்பர் மேட்டுக்கு அடியில் தேடுங்கள். இழுத்து உடைக்காதீர்கள்.

பேனலோடு ஹசார்டு சுவிட்ச், ஏர்பேக் விளக்கு ஆகியவற்றின் கப்ளர்களும் வரலாம். அவை கழன்றிருக்கும்போது சாவியை ஆன் செய்யவே கூடாது. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டி வரும். கப்ளரின் லாக்கை அழுத்திக்கொண்டு அதன் உடலைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் ஒரு போட்டோ.

வயர் இணைப்பு: மேசை மேல் வைத்தே

காருக்குள் குனிந்துகொண்டு வயர் சேர்ப்பது முதுகுக்குத் தண்டனை. புதிய செட்டின் ஹார்னஸையும் காருக்குரிய ஹார்னஸையும் மேசையில் வைத்து இணைத்துவிடுங்கள். வெளியில் வாங்கும் செட்களில் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு ஏசிசி, கறுப்பு எர்த், ஆரஞ்சு விளக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்ப்ளிஃபயருக்கு. ஸ்பீக்கரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். காரின் சொந்த வயர் நிறம் இதோடு ஒத்துப்போகாது, அதை நம்ப வேண்டாம்.

முறுக்கி டேப் சுற்றுவதைத் தவிருங்கள். வெயிலில் டேஷ்போர்டுக்குள் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். கிரிம்ப் செய்யுங்கள் (உலோக இணைப்பியை வயர்மேல் பிளையரால் நசுக்கி இறுக்குவது), அல்லது சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

ஸ்பீக்கர் நெகட்டிவ் வயரை எர்த்தோடு சேர்க்கவே கூடாது. இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையுமே ஆம்ப்ளிஃபயர்தான் இயக்குகிறது. ஒன்றை எர்த் செய்தால் உள்ளே இருக்கும் சிப் போய்விடலாம்.

கம்பெனி ஆம்ப்ளிஃபயர் இருக்கும் காரில் நீலம்-வெள்ளை வயரைக் கொடுக்காவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் மட்டும் வராது. ஒளியிழை வழியாக மோஸ்ட் முறையில் பேசும் ஆம்ப்ளிஃபயர் என்றால் அதற்குத் தனி இடைமுகம் வேண்டும்.

கேமராவில் ஒரு பொறி இருக்கிறது. சில கம்பெனி கேமராக்கள் 6 வோல்ட்டில் ஓடுபவை. டொயோட்டாவில் பல அப்படித்தான். அதில் 12 வோல்ட் கொடுத்தால் கேமரா காலி. மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் அடாப்டர் வாங்குங்கள். டிஜிட்டல் சிக்னல் தரும் கேமராவை செட்டின் வீடியோ உள்ளீடான மஞ்சள் ஆர்சிஏ பின்னில் நேராகச் செருக முடியாது. அதற்குரிய இடைமுகம் கிடைக்காவிட்டால் புதுக் கேமரா போடுவதே எளிது. வளையும் கோடுகள் வேண்டுமென்றால் உங்கள் கேன் பாக்ஸ் ஸ்டீரிங் கோணத்தைச் சொல்லக்கூடியதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஆன்டெனா பல கார்களில் தானே ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும். அடாப்டரில் தொங்கும் சின்ன நீல வயருக்கு செட்டின் ஆன்டெனா வயரிலிருந்து 12 வோல்ட் கொடுங்கள். மைக்கைப் பொறுத்தவரை பழையதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம், செட்டோடு வரும் மைக்கை ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) ஓரமாக ஒட்டினால் போதும். யூஎஸ்பிக்கு காருக்குரிய அடாப்டர் கேபிள் கிடைக்கும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று செட்டுக்குச் சொல்லும் ஹேண்ட்பிரேக் வயரை நேராக எர்த்தில் கொடுத்து ஓட்டும்போதே வீடியோ பார்க்க வழிசெய்யாதீர்கள்.

பொருத்தும் முன் சோதனை

எல்லாக் கப்ளர்களையும், ஹசார்டு சுவிட்ச் உட்பட, செருகிவிட்டு பேட்டரியை இணையுங்கள். செட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டாம். பேலன்ஸ் (இடது வலது), ஃபேடர் (முன் பின்) இரண்டையும் ஒவ்வொரு மூலைக்கும் தள்ளி எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று கேளுங்கள். பேஸ் ஒல்லியாகக் கேட்டால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கிறது.

ரெசிஸ்டர் வகை என்றால் செட்டிங்கில் ஸ்டீரிங் பட்டன் கற்பிக்கும் பகுதிக்குப் போய், பட்டனை அழுத்திப் பிடித்தபடி திரையில் அதற்குரிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒருமுறை. கேன் பஸ் என்றால் ஃபேக்டரி செட்டிங்கில் உங்கள் கேன் பாக்ஸ் தயாரிப்பையும் கார் மாடலையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான பாஸ்வேர்டை விற்றவரிடம் முன்பே வாங்கி வையுங்கள். ஆரம்பத்தில் எழுதிய அந்தப் பேப்பரை எடுத்து வரி வரியாக டிக் அடியுங்கள்.

சாவியை எடுத்துக் கதவைத் திறந்து மூடினால் செட் அணைய வேண்டும். ஒவ்வொரு முறையும் செட் ரேடியோ ஸ்டேஷன்களை மறந்துவிட்டால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களில் ஐஎஸ்ஓ கப்ளரில் இது அடிக்கடி நடக்கும்.

கடைசியாகப் பொருத்துவது

அதிகப்படி வயரையும் கேன் பாக்ஸையும் துணி டேப் சுற்றி, செட்டுக்குப் பின்னால் அல்ல, கீழே உள்ள காலி இடத்தில் கட்டுங்கள். சுற்றாவிட்டால் மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டீரிங் தண்டு, ஏசி ஃபிளாப் ஆகியவை அசையும் பாதையில் வயர் போகக் கூடாது. ஜிபிஎஸ் ஆன்டெனாவை முன் கண்ணாடிக்கு அருகில் வானம் பார்த்தபடி வையுங்கள். செட் முழுதாக உட்காராமல் விரல் அளவு வெளியே நின்றால் தள்ளாதீர்கள். வெளியே எடுத்து வயரை ஒதுக்கி மறுபடி வையுங்கள். அழுத்தித் தள்ளினால் ஏதோ ஒரு வயர் உலோக விளிம்பில் நசுங்கும், ஃபியூஸ் போன பிறகுதான் தெரியும்.

பேட்டரி கழற்றியதால் ஆட்டோ ஜன்னல்கள் ஒரே தொடுதலில் ஏறாமல் போகலாம். பெரும்பாலான கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றி பட்டனைச் சில விநாடி பிடித்திருந்தால் சரியாகிவிடும்; முறை காரின் கையேட்டில் இருக்கும். பழைய செட்டை அதன் ஸ்க்ரூ, பிராக்கெட், செக்யூரிட்டி கோடு எழுதிய சீட்டோடு ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் கேட்டால் கப்ளரைச் செருகி அப்படியே திரும்ப மாட்டிக்கொடுத்துவிடலாம்.