அடுத்த வர்க்கம் வேண்டுமா? பெருக்காமல் கூட்டுங்கள்

1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 1, 4, 9, 16 என வர்க்க எண்கள்தான் வரும், ஒன்றுகூடத் தப்பாது. காரணம் எளிது. 4×4 கோலப்புள்ளியை 5×5 ஆக்க, ஒரு பக்கம் 4 புள்ளி, இன்னொரு பக்கம் 5 புள்ளி சேர்த்தால் போதும்; மொத்தம் 9, அதுதான் 7-க்கு அடுத்த ஒற்றைப்படை எண்.

இதுவே மனக்கணக்குக்கு நல்ல குறுக்குவழி. 30-இன் வர்க்கம் 900. 31-க்கு வேண்டுமா? 900 + 30 + 31 = 961. பின்னால் போக, கழியுங்கள்: 900 – 30 – 29 = 841, அதாவது 29-இன் வர்க்கம்.

5-இல் முடியும் எண்கள் இன்னும் சுலபம். 65 என்றால் 6-ஐ அதற்கு அடுத்த எண்ணால் பெருக்குங்கள், 6×7=42; பின்னால் 25 ஒட்டினால் 4225. அதிலிருந்து 66-க்கு 4225 + 65 + 66 = 4356. 64-க்கு 4225 – 65 – 64 = 4096 (கணினிக்காரர்களுக்குப் பழகிய எண்தான்!).

போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு இன்னொன்று: எந்த முழு வர்க்கமும் 2, 3, 7, 8-இல் முடியாது. வர்க்கத்தைக் கேட்கும் வினாவில் அப்படி முடியும் விடைகளை யோசிக்காமல் அடித்துவிடலாம். ஆனால் 6-இல் முடிந்தாலே வர்க்கம் என்று நம்பிவிடாதீர்கள், 26 வர்க்கமில்லை.