ஐடிஐ, பாலிடெக்னிக் சேருமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி, "எந்தக் காலேஜ்?" என்பதுதான். தொழிற்படிப்புக்குப் போகிற பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு. எந்த டிரேடு (தொழிற்பிரிவு), எத்தனை வருடம், முடித்தால் அடுத்து எங்கே போகலாம்? இந்த மூன்றையும் கேட்காமல் கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்த்துச் சேர்ப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்குத் தொடக்கம்.

பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடப் படிப்பு. வெல்டர், பிளம்பர், கோபா எனப்படும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் டிரேடு ஆகியவை ஒரு வருடம். சீக்கிரம் முடிகிறதே என்று ஒரு வருட டிரேடை எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்தவர், தன் டிரேடுக்குப் பொருந்தும் பாலிடெக்னிக் டிப்ளமாவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமா முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. ஒரு வருட டிரேடுக்கு இந்த வழி கிடையாது. மேலே படிக்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் இதை முன்பே யோசித்துவிட வேண்டும். வெல்டிங் மட்டமான படிப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. சாய்வாக நிறுத்திய குழாயைச் சுற்றி வெல்டு வைக்கும் 6ஜி டெஸ்ட்டில் தேறியவருக்கு பாய்லர், பைப்லைன் வேலைகளில் நல்ல மதிப்பு உண்டு.

கோபா விஷயத்தில் பெற்றோர்கள் ஏமாறுவது இன்னொரு விதம். கம்ப்யூட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் ஐடி கம்பெனி வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் சொல்லித்தருவது ஆபீஸ் மென்பொருள், டேட்டாபேஸ், இணையப் பக்கம், கணக்கு மென்பொருள், கொஞ்சம் புரோகிராமிங். அலுவலக வேலைக்கு அது நல்ல அடித்தளம். சாப்ட்வேர் எழுதுவதுதான் ஆசை என்றால் கம்ப்யூட்டர் டிப்ளமாவோ பட்டப்படிப்போ பக்கம் போவதே சரி.

அடுத்தது அங்கீகாரம். "எங்கள் ஐடிஐ அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற போர்டை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். ஐடிஐக்கு அங்கீகாரம் மொத்தமாகத் தரப்படுவதில்லை. டிரேடு வாரியாக, யூனிட் (ஒரு வகுப்புத் தொகுதி) வாரியாகத்தான் தரப்படுகிறது. ஒரே வளாகத்தில் எலக்ட்ரீஷியனுக்கு இருக்கலாம், ஏசி மெக்கானிக்குக்கு இல்லாமல் போகலாம். நீங்கள் சேரும் டிரேடுக்கு தேசிய அளவிலான என்சிவிடி சான்றிதழா, மாநில அளவிலான எஸ்சிவிடியா என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். மத்திய அரசு நிறுவனங்களின் பல அறிவிப்புகளில் என்சிவிடி என்றே கேட்பார்கள். பாலிடெக்னிக் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதியைப் பாருங்கள். லேப் டெக்னீஷியன் போன்ற படிப்புகளை மாடியறையில் நடத்தும் நிறுவனங்களிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். யார் தேர்வு நடத்துகிறார்கள், சான்றிதழில் யார் கையெழுத்து என்று கேட்டால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். அசல் மார்க் ஷீட்டையும் டிசியையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்கிற இடத்தில் சேரவே வேண்டாம்.

அரசு ஐடிஐ என்றால் துருப்பிடித்த லேத்துதான் இருக்கும் என்ற நினைப்பும் பழசாகிவிட்டது. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து தமிழக அரசு 71 அரசு ஐடிஐகளில் ரோபோ, கம்ப்யூட்டரால் இயங்கும் சிஎன்சி இயந்திரம், மின்வாகனப் பயிற்சிக்கான மையங்களை அமைத்திருக்கிறது. அரசு ஐடிஐயில் படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 6-ம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாகக் கிடைக்கும். கவுன்சிலிங் தேதியைத் தவறவிட்டுத் தனியாரில் ஆயிரக்கணக்கில் கட்டும் குடும்பங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சேர்ந்த பிறகு செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, ஒர்க் ஷாப்பை லேசாக எடுத்துக்கொள்வது. பிட்டருக்கு முதல் மாதங்களில் அரம் போடுகிற வேலைதான். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, இரண்டு கையாலும் அரத்தைச் சமமாகத் தள்ள வேண்டும். கை ஆடினால் ஓரங்கள் தேய்ந்து நடு மேடாகிவிடும். ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை மேலே வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், எங்கே ஒளி கசிகிறதோ அங்கே பள்ளம். மறுபடி தேய்க்க வேண்டும். உள்ளங்கை கொப்புளிக்கிற இந்தக் கட்டத்தில்தான் பலர் லீவு போடுகிறார்கள், நண்பன் செய்த ஜாபில் (பயிற்சித் துண்டில்) தன் நம்பரைக் குத்திக் காட்டுகிறார்கள். அப்படிச் செய்தவருக்குப் பின்னால் வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் கேட்கும்போது கையும் வராது, கண்ணும் வராது. தேர்விலும் அது தெரியும். தியரியில் 33 சதவீதம் போதும், செய்முறையில் 60 வேண்டும். தேர்வு எழுத 80 சதவீத வருகையும் வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் உள்ளூரில் கிடைத்த வேலைக்கு ஓடிவிடுவதும் நடக்கிறது. குடும்பக் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் முடிந்தவரை அப்ரண்டிஸ்ஷிப் எனப்படும் தொழிற்பழகுநர் பயிற்சியை விடக் கூடாது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி போன்ற இடங்கள் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. அங்கே முடித்தால் என்ஏசி என்ற தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் தனியாக உண்டு. ரயில்வேயின் லெவல் 1 எனப்படும் கடைநிலைப் பணிகளில், ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது.

எலக்ட்ரீஷியன்கள் மறந்துவிடும் இன்னொன்று, வயரிங் வேலையைச் சட்டப்படி செய்ய டிரேடு சான்றிதழ் மட்டும் போதாது என்பது. மாநில மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் தகுதிச் சான்று தனியாக வாங்க வேண்டும். அதேபோல, பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். ஐடிஐ பாடம் நினைவில் இருக்கும்போதே, மொழிப் பழக்கம் விட்டுப்போவதற்கு முன்பே, இதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.