நவம்பரில் ஷெரீப்பைத் தேடாதீர்கள்

கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது), ஃபாஸ்டர் சிட்டியில் இருக்கிறோம். தேர்தல் வந்துவிட்டால், புதிதாகக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் வாக்குச்சீட்டு உறையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். காபி ஆறுவதற்குள், ஷெரீப்பைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் 2022இல் நான் செய்த தவறுகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார்கள். உறையில் கையெழுத்துப் போட மறப்பது, கடைசி நாளைத் தவறவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை உறையிலேயே அச்சடிக்கப்பட்டிருக்கின்றன.

ஊர்ப் போலீஸ் தலைவரோடு குழப்பிக்கொள்வது

சென்னையில் வளர்ந்த பெரியவர்களுக்கு ஷெரீப் என்றால் விருந்தினரை வரவேற்கும் அலங்காரப் பதவி. பிள்ளைகளுக்கோ குதிரையும் நட்சத்திர வில்லையும். இங்கே அவர் இரண்டுமில்லை. ரெட்வுட் சிட்டியில் உள்ள கவுண்டிச் சிறை அவர் பொறுப்பு. நீதிமன்றப் பாதுகாப்பும், நீதிமன்ற உத்தரவுப்படி குடியிருப்போரை வீட்டிலிருந்து வெளியேற்றுவதும் அவர் ஆட்களின் வேலை. எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளில் ரோந்து போவதும் அவர்கள்தான். சான் கார்லோஸ், மில்பிரே, ஹாஃப் மூன் பே போன்ற ஊர்களுக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. ஷெரீப் துறையோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

“நம் ஊருக்குத்தான் தனிப் போலீஸ் இருக்கிறதே அண்ணா, ஷெரீப்பால் எனக்கென்ன?” என்று ஒரு தம்பி கேட்டார். ஃபாஸ்டர் சிட்டி போலீஸ் ஒருவரைக் கைது செய்தால் கொண்டுபோய் அடைப்பது ஷெரீப்பின் சிறையில்தான். போலீஸ் தலைவரை நகர நிர்வாகம் நியமிக்கும், பிடிக்காவிட்டால் மாற்றும். ஷெரீப்பை அப்படி மாற்ற முடியாது.

பிரைமரி நமக்கில்லை என்று ஒதுக்குவது

இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2022 மே மாதம் முதல் உறை வந்தது. “பிரைமரி”, அதாவது முதற்கட்டத் தேர்தல், என்று எழுதியிருந்தது. நானோ எந்தக் கட்சியிலும் சேராமல் பதிந்தவன். கட்சிக்காரர்கள் தங்களுக்குள் ஆளைப் பொறுக்கிக்கொள்ளும் சடங்கு, நமக்கெதற்கு என்று உறையை மின்கட்டண ரசீதுகளோடு மேசை இழுப்பறையில் போட்டேன். நவம்பரில் அடுத்த உறை வந்தது. பேனாவோடு உட்கார்ந்து ஆளுநர், செனட்டர், பள்ளி வாரியம் என்று இறங்கிக்கொண்டே வந்தேன். ஷெரீப்பைக் காணோம். தாளைப் புரட்டினேன். பின்பக்கத்திலும் இல்லை. அச்சுப்பிழையோ என்றுகூட நினைத்தேன்.

பிழை என்னுடையது. கலிஃபோர்னியாவில் ஷெரீப் பதவி கட்சி சாராதது. பிரைமரி வாக்குப்பதிவில் ஒருவர் பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, நவம்பரில் அந்தப் போட்டியே இருக்காது. 2022 ஜூன் பிரைமரியில் எங்கள் கவுண்டியில் இருவர்தான் நின்றார்கள். பதவியில் இருந்த கார்லோஸ் போலானோஸைக் கிறிஸ்டினா கார்பஸ் தோற்கடித்தார். என் வாக்கு இழுப்பறையில் தூங்கியது.

சரி, நான்கு ஆண்டில் அடுத்த வாய்ப்பு வரும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஷெரீப் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றும் மாநிலச் சட்டம் அந்தச் செப்டம்பரில் கையெழுத்தானது. 2022இல் வென்றவர்களுக்கு அதனால் ஆறு ஆண்டுப் பதவிக்காலம். எங்கள் கவுண்டியில் அந்த ஆறு ஆண்டும் முழுதாக ஓடவில்லை. ஷெரீப் கார்பஸ் மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்தன, அவர் மறுத்தார். கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவுக்கு அவரை நீக்கும் அதிகாரம் கிடையாது என்பதால், அதைக் கொடுப்பதா என்று கேட்க 2025 மார்ச்சில் தனியாகச் சிறப்புத் தேர்தலே நடத்த வேண்டியிருந்தது. பெருவாரியான வாக்குகளில் அது நிறைவேற, அக்டோபரில் குழு அவரை நீக்கியது. அந்த மார்ச் உறையை வந்த அன்றே நிரப்பி, கையோடு கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

இப்போது 2028ஐ நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. ஷெரீப் போட்டி இனி அதிபர் பிரைமரியோடு மார்ச் மாதத்தில் வரும். கட்சி சாராமல் பதிந்தவர்கள் தனியாகக் கேட்டு வாங்காவிட்டால், அவர்களுக்கு வரும் வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளர்கள் பெயரே இருக்காது. “பார்த்தீர்களா, நமக்கு ஒன்றுமில்லை” என்று குப்பைத்தொட்டியில் போடப்போகிறார்கள். அதே தாளில் கொஞ்சம் கீழே ஷெரீப் இருப்பார். சென்ற முறை மேசைக்கு வந்தவர்களில் மூன்று குடும்பங்களிடம் இதைச் சொன்னேன். மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் போகும்போது வாசலில் நின்று, “அப்போ நவம்பரில் வருகிறோம் சார்” என்றார்.

வேட்பாளர் அறிக்கையை மட்டும் நம்புவது

வாக்காளர் கையேட்டில் வரும் அறிக்கைக்கு வேட்பாளரே கட்டணம் கட்ட வேண்டும். கட்டாதவருக்கு அறிக்கை இருக்காது. அவர் போட்டியிலேயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கட்டியவர் எல்லோரும் குற்றத்தைக் குறைப்பதாகத்தான் எழுதுவார். நான் பார்ப்பது சிறையைப் பற்றியும் துப்பாக்கி உரிமம் பற்றியும் என்ன எழுதியிருக்கிறார் என்று. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இங்கே உரிமம் தருபவர்களில் ஷெரீப்பும் ஒருவர். பக்கத்துச் சான்டா கிளாரா கவுண்டியில் லாரி ஸ்மித் 1998 முதல் ஆறு ஷெரீப் தேர்தல்கள் வென்றவர். தேர்தலுக்கு நன்கொடை கொடுத்தவர்களுக்கு இந்த உரிமத்தில் சலுகை காட்டியதாகவும், ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைச் சொகுசு அறையில் பார்த்துவிட்டு அதை மறைக்க மலிவு டிக்கெட் வாங்கி வைத்ததாகவும் வழக்கு. 2022 நவம்பரில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. தீர்ப்புக்குச் சில நாள் முன்னதாகவே அவர் பதவி விலகிவிட்டார்.

கிரீன் கார்டோடு வாக்களிப்பது

நாடு கடத்தல் வரை போகும். வேண்டாம்.

கட்சிப் பெயரைத் தேடுவது

கலிஃபோர்னியாவில் ஷெரீப் வேட்பாளர் பெயருக்கு அருகில் அது இருக்காது, தொழில்தான் இருக்கும். டெக்சாஸில் இருக்கும் உங்கள் மைத்துனரின் வாக்குச்சீட்டில் ஷெரீப் வேட்பாளருக்குக் கட்சிப் பெயர் இருக்கும், அங்கே கட்சிப் பிரைமரியும் இருக்கும். அவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு இங்கே வட்டத்தை நிரப்பாதீர்கள்.