சுங்கை சிப்பூட்டில் நெஞ்சு வலித்தால்: ஸ்டென்ட்டா, பைபாஸா, பணம் யார் கட்டுவது?

மலேசியாவுக்கு வேலைக்காகப் புதிதாக வருகிறவர்கள் சிம் கார்டு எங்கே வாங்குவது, ஊருக்குப் பணம் எப்படி அனுப்புவது என்றெல்லாம் கேட்பார்கள். நெஞ்சுவலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. வந்த நான்காம் வருடம், செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த என் அறைத்தோழருக்கு ஒரு ராத்திரி நெஞ்சை அழுத்தியது. இடது கை மரத்தது, வேர்த்துக் கொட்டியது. அறையில் இருந்த ஐந்து பேரும் மூன்று மணி நேரம் காசுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பிழைத்துவிட்டார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. அந்த மூன்று மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் முதலில் இது: வலி வந்தால் விலை விசாரிக்காதீர்கள். 999 அழையுங்கள், அல்லது தோட்டத்து வண்டியில் நேராக சுங்கை சிப்பூட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஈசிஜி எடுத்து, தேவையானால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பில்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விலையை ஒப்பிட நேரம் கிடைப்பது, நடந்தால் வலிக்கிறது, உட்கார்ந்தால் நிற்கிறது என்ற நிலையில் ஆஞ்சியோகிராம் (குழாய் விட்டு இதய இரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் படம்) எடுத்தவர்களுக்குத்தான். ஸ்டென்ட் என்றால் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைப்பைப் பலூனால் விரித்து வலைக்குழாய் வைப்பது. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். பைபாஸில் நெஞ்செலும்பைப் பிளந்து, மார்பிலிருந்தும் காலிலிருந்தும் எடுத்த இரத்தக்குழாய்களால் மாற்றுப்பாதை தைப்பார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் வார்டில்.

தனியார் மருத்துவமனைகளில் ஒரு ஸ்டென்ட்டுக்கு ஏறக்குறைய 25,000 முதல் 40,000 வெள்ளி (ரிங்கிட்), பைபாஸுக்கு 60,000 முதல் 1,00,000 வெள்ளி வரை ஆகலாம். ஆனால் மூன்று இரத்தக்குழாயில் அடைப்பு இருந்து மூன்று நான்கு ஸ்டென்ட் வைத்தால் இரண்டு தொகையும் நெருங்கிவிடும். சர்க்கரை நோயாளிக்குப் பல குழாய்களில் அடைப்பு என்றால் பைபாஸ்தான் நீண்ட காலத்துக்கு நல்லது என்பதை 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு காட்டியது: ஐந்தாண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் பைபாஸில் 18.7 விழுக்காடு, ஸ்டென்ட்டில் 26.6. நம் ஆட்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று உங்களுக்கே தெரியும். மலிவானது என்பதற்காக ஸ்டென்ட்டைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தியக் கணக்கையும் இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. அது இந்நாட்டில் செல்லாது.

அரசு மருத்துவமனையில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கக் குடிமக்கள் 5 வெள்ளி கட்டுகிறார்கள் என்று கேட்டு ஏமாறவேண்டாம். வெளிநாட்டவருக்கு 2014 மருத்துவக் கட்டண ஆணைப்படி முழுக் கட்டணம், சேர்க்கும்போதே டெபாசிட். வேலை பெர்மிட்டில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஸ்பிக்பா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை, அதுவும் அரசு மருத்துவமனையில் மட்டும். தோட்டத் தொழிலாளர்களுக்கு அது கட்டாயமில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆகவே பெர்மிட் கைக்கு வந்த வாரமே கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) கேளுங்கள்: எனக்கு ஸ்பிக்பா எடுத்திருக்கிறீர்களா, அட்டையின் நகல் தருவீர்களா? பார்வையாளர் விசாவில் அப்பா அம்மாவை அழைப்பவர்கள், பயணக் காப்பீட்டில் பழைய நோய்க்குப் பணம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பில்லில் வராத செலவும் உண்டு. பைபாஸுக்குப் பிறகு நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டு மூன்று மாதம் குலை தூக்க முடியாது, நாள்கூலிக்காரருக்கு அது முழு நஷ்டம். ஸ்டென்ட் வைத்தவர் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற மாத்திரையைப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, ஒரு நாளும் விடாமல் போடவேண்டும். மாத்திரை தீர்ந்ததென்று தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து அடைக்கலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மருந்துச்சீட்டைப் பையில் வையுங்கள்.

மருத்துவமனை தரும் மதிப்பீட்டில் எத்தனை ஸ்டென்ட், ஐசியூ எத்தனை நாள், மருத்துவர் கட்டணம் உள்ளேயா வெளியேயா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆஞ்சியோகிராம் சிடியையும் கேட்டு வாங்குங்கள். பைபாஸ் செய்யும் பினாங்கு பொது மருத்துவமனையிலோ கோலாலம்பூரில் உள்ள தேசிய இதய மருத்துவமனையான ஐஜேஎன்னிலோ இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது அதைக் காட்டலாம். மறுபடி குழாய் விடும் செலவு பெரும்பாலும் மிச்சமாகும்.