பலப்பம், பவுடர், கல்சட்டி: மாக்கல்லு விஷயத்துல நாம பண்ற தப்புங்க

ஆந்திரா எல்லைல இருக்கற எங்க நகரி பக்கம் தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, ஸ்லேட்டுல எழுதற குச்சிக்கு ஒரே பேருதான், பலப்பம். தெலுங்குல அந்த கல்லுக்கே பலபம்னுதான் பேரு, நாம மாக்கல்லுன்னு சொல்றோம். கல்சட்டி கடையறது இதுலதான், வெல்டிங் பட்டறைல இரும்பு மேல கோடு போடற வெள்ளை குச்சியும் இதுதான். மாக்கல்லுல நெறைய இருக்கற கனிமத்துக்கு பேரு டால்க், சுத்தமா கெடைக்கறத நைசா அரைச்சு வாசனை சேர்த்தா முகத்துக்கு போடற பவுடர். இத வச்சு நாம பண்ற தப்பு எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான்னு எனக்கு தோணுது, கைக்கு மெத்துன்னு இருக்கு அதனால ஒடம்புக்கும் ஒண்ணும் பண்ணாதுன்னு நம்பறது.

மெத்துன்னு இருக்கறது நெசம்தான். 1812ல ஃபிரெட்ரிக் மோஸ் கனிமங்களோட கடினத்த 1லேந்து 10 வரைக்கும் வரிசை போட்டாரு, அதுல 10 வைரம், 1 டால்க். நம்ம நகமே ரெண்டரை வரும், அதான் கீறினா மாவா உதிருது. உள்ளுக்குள்ள மெக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்து மடத காஜான்னு எங்க பக்கம் செய்யற இனிப்பு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் பிடிப்பு ரொம்ப கம்மி, விரல் வச்சா வழுக்கிட்டு போயிடும், அந்த வழவழப்பு அதனாலதான். ஆனா அடுக்கு பிரியுதே தவிர பொருள் கரையாது. தண்ணில கரையாது, எலுமிச்சம்பழ சாறுல கரையாது, நுரையீரலுக்குள்ள போனா அங்கயும் கரையாது.

மொதல்ல கொழந்த விஷயம், ஏன்னா இதுலதான் எனக்கு பதைப்பு அதிகம். குளிப்பாட்டினதும் டப்பாவ கொழந்த மேல கவுத்து குலுக்கறோம், முகத்துல ஒரு தட்டு, கழுத்துல ஒரு தட்டு, தொடை இடுக்குல நாலு தட்டு, ஃபேன் வேற சுத்திட்டு இருக்கும், அந்த வெள்ளை புகை எல்லாம் கொழந்த மூச்சுலதான் போகும். அதவிட மோசம், அழாம இருக்கட்டும்னு டப்பாவையே கைல கொடுக்கறது. மூடி தொறந்து முகத்துல கொட்டிக்கிட்டு மூச்சு அடைச்சு எறந்துபோன கொழந்தைங்க பத்தி வெளிநாட்டு மருத்துவ இதழ்கள்ல பல வருஷம் முன்னாடியே எழுதியிருக்காங்க, கொழந்தைக்கு பவுடரே வேணாம்னு கொழந்த டாக்டருங்க சொல்றது அதனாலதான். வேர்வைய உறிஞ்சும்னு நெனச்சு போடறோம், ஆனா டால்க் தண்ணிய ஒட்டவிடாத பொருள், எண்ணெய் பிசுக்கத்தான் நல்லா இழுக்கும். வேர்த்த கழுத்து மடிப்புல போட்டா திரிதிரியா உருண்டு நிக்கறத எல்லாரும் பாத்திருப்பீங்க. மெத்துன்னு பருத்தி துணியால ஒத்தி எடுத்து காத்தாட விட்டாலே போதும். பாட்டிக்காக பேருக்கு கொஞ்சம் போட்டே ஆகணும்னா தள்ளி நின்னு உங்க கைல கொட்டி, ரெண்டு கையும் தேச்சு அப்புறம் தடவுங்க, பொண்ணு கொழந்தைக்கு அடிவயித்துக்கு கீழ வேணவே வேணாம்.

கேன்சர் பேச்சு வந்தா ரெண்டு பக்கமும் தப்பா பேசறாங்க. டால்க்னாலே ஆஸ்பெஸ்டாஸ்தான்னு ஒருத்தரு, அதெல்லாம் வெள்ளைக்காரன் கோர்ட்டு கேஸுன்னு இன்னொருத்தரு. டால்க் வேற, கூரை ஷீட்டுல சேர்க்கற நார் கனிமமான ஆஸ்பெஸ்டாஸ் வேற, ஆனா பூமிக்குள்ள ரெண்டும் பக்கத்து பக்கத்துலயே உருவாகலாம், சரியா பாக்காம வெட்டினா கலந்து வந்துடும். ரொம்ப தூரம் போக வேணாம், நம்ம கடப்பா ஜில்லா புலிவெந்துலா பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் வெட்டின எடம்தான். கலப்பு இருந்தா அது கேன்சர் வரவைக்கும்ங்கறதுல சந்தேகமே கெடையாது. கலப்பு இல்லாட்டியும் முழுசா நல்லதுன்னு சொல்ல முடியாது, உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு 2024 ஜூலைல டால்க்க "அனேகமா புற்றுநோய் உண்டாக்கலாம்"ங்கற வகைல சேர்த்தாங்க. அந்த வகை ஆதாரம் எவ்வளவு பலமா இருக்குங்கறத சொல்லுது, ஒரு தடவ போட்டா எவ்வளவு ஆபத்துன்னு சொல்லல, அதனால நேத்து வரைக்கும் போட்டவங்க பயந்து நடுங்க வேணாம். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி 2020ல அமெரிக்கா கனடாவுலயும் 2023ல உலகம் முழுக்கவும் டால்க் பேபி பவுடர நிறுத்தி சோள மாவுக்கு மாறிட்டாங்க. கடைல வாங்கறப்ப பின்னாடி என்ன போட்டிருக்குன்னு ஒரு நிமிஷம் படிங்க.

அடுத்தது பலப்பம் திங்கறது. எங்க ஊர்ல இத யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. எங்க அக்கா மாசமா இருந்தப்ப முந்தானைல முடிஞ்சு வச்சு கடிச்சுட்டே இருப்பா, மண்வாசம் நல்லாருக்குன்னு சொல்லுவா, மாமியாரும் மசக்கைன்னு விட்டுட்டாங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணப்ப தான் ஹீமோகுளோபின் ரொம்ப கம்மின்னு தெரிஞ்சுது. மண்ணு, சாம்பல், பலப்பம் இதெல்லாம் திங்கணும்னு தோணுறது பல சமயம் ஒடம்புல இரும்பு சத்து கொறைஞ்சதோட அறிகுறி, அத ருசின்னோ கெட்ட பழக்கம்னோ நெனச்சு திட்டி மறைச்சு வைக்க வச்சுடறதுதான் தப்பு. பசங்க தின்னாலும் அடிக்காதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டு போய் ரத்தம் பாருங்க, இரும்பு சத்து மாத்திரை அங்க காசில்லாமயே தர்றாங்க. இன்னொண்ணு, இப்ப கடைல பலப்பம்னு விக்கறது எல்லாமே மாக்கல்லு கெடையாது, சுண்ணாம்புல செஞ்சதும் வருது, எதுல என்ன கலந்திருக்குன்னு தின்னறவங்களுக்கு தெரியாது.

கோலப்பொடிக்கு வரேன். சங்கராந்தி மாசம் வந்தா தெருவுல "முக்கு பிண்டி"ன்னு கூவிட்டு மூட்டையோட வருவாங்க, வெள்ளையா இருந்தா எல்லாம் ஒண்ணுதான்னு வாங்கிடறோம். அது மாக்கல்லு பொடியா இருக்கலாம், சுண்ணாம்புக்கல்லா இருக்கலாம், வெங்கச்சங்கல்ல அரைச்சதாவும் இருக்கலாம். விரல்ல தேச்சு பாருங்க, வழவழன்னு போனா டால்க். ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சா பொங்குச்சுன்னா சுண்ணாம்பு. நறநறன்னு இருந்து கண்ணாடில தேச்சா கீறல் விழுந்துச்சுன்னா வெங்கச்சங்கல்லு, அது சிலிக்கா, அந்த தூள் வருஷக்கணக்கா மூச்சுல போனா நுரையீரல் தழும்பு ஏறி கெட்டுப்போகும், கல் ஒடைக்கற ஆளுங்களுக்கு வர நோய் அதுதான். எதுவா இருந்தாலும் வீட்டுக்குள்ள ஒக்காந்து சலிக்காதீங்க, வாயில துணி கட்டிட்டு வாசல்ல செய்ங்க. எறும்புக்கு தீனின்னு போடறவங்க அரிசி மாவுதான் போடணும், கல்லு பொடிய எந்த எறும்பும் திங்காது.

பஞ்சர் கடைல டியூப் மேல வெள்ளை டால்க் பவுடர் போடறது டியூப்பும் டயரும் சூட்டுல ஒட்டிக்காம இருக்கத்தான். வீட்ல தானே ஒட்டறவங்க பவுடர் கையோட சொல்யூஷன் தடவிடறாங்க, அப்புறம் பேட்ச் நிக்கலன்னு பொலம்பறாங்க. மொதல்ல தேச்சு, ஒட்டி, காயவிட்டு, கடைசியாதான் பவுடர்.

கல்சட்டி வச்சிருக்கவங்க கேன்சர் செய்திய பாத்துட்டு பரண்ல தூக்கி போட்டதா கேள்விப்பட்டேன், மனசு கஷ்டமா போச்சு. பிரச்சனை மூச்சுல போற தூள்தான், முழு கல்லா அடுப்பு மேல இருக்கறப்ப தூள் பறக்காது. அடுப்பு சூட்டுல கல்லு உருகிடுமோங்கற பயமும் வேணாம், டால்க்குக்குள்ள இருக்கற தண்ணி கூறு வெளிய வரவே 800 டிகிரிக்கு மேல வேணும், அப்படி சுட்டா அது உருகாம கெட்டிப்படும், சிந்து சமவெளி முத்திரைங்கள அந்த காலத்துலயே இந்த கல்லுல வெட்டி சுட்டு வச்சிருக்காங்க. சட்டி விரியறதுக்கு காரணம் திடீர் சூடும் திடீர் குளிரும். புதுசு வாங்கினா நாலஞ்சு நாள் அரிசி கழுவின தண்ணி மாத்தி மாத்தி ஊத்தி வைங்க, அப்புறம் வெளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி காயவிட்டு, சூடு கஞ்சி ரெண்டு மூணு நாள் ஊத்தி, அதுக்கப்புறம்தான் சின்ன தீல ஏத்தணும். காலி சட்டிய அடுப்புல வைக்காதீங்க, சூட்டோட பச்ச தண்ணி ஊத்தாதீங்க. வத்தக்குழம்பு முக்கால்வாசி வெந்ததுமே அடுப்ப அணைச்சுடலாம், மிச்சத்த சட்டியே பாத்துக்கும், பத்து நிமிஷம் கழிச்சும் கொதிச்சுட்டு இருக்கும். கழுவறதுக்கு தேங்கா நாரு போதும், கம்பி நாரு போட்டா நகத்துக்கே கீறற கல்லு என்ன ஆகும். உள்ள சொரசொரப்பா இருக்குன்னு உப்புத்தாள் வச்சு வெறுசா தேய்க்கறாங்க சில பேரு, அப்படி தேச்சா அந்த தூள் நேரா மூக்குக்குத்தான் வரும், தேய்ச்சே ஆகணும்னா தண்ணிக்குள்ள முக்கி வச்சு தேய்ங்க.